கல்லாவுக்கு இந்தப் பக்கம்

முதலில் காது என்றுதான் நினைத்தேன்.
விலையை இரண்டு தடவை சொன்னேன்,
மூன்றாவது தடவை எழுதிக் காட்டினேன்.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார் தவசியப்பன்,
விடை அங்கே இருக்கும் என்பது போல.

மோல்மேன் படகுத்துறையில்
முப்பது வருடம் மூட்டைக் கணக்கு எழுதியவர்.
படகு கரை தொடுமுன்பே
எத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவாராம்,
தண்ணீரில் அது எவ்வளவு அமிழ்ந்து வருகிறது என்பதை வைத்தே.

அடுத்துப் போனது பாஷை.
எதிர்த்த டீக்கடை மோன் பையனிடம்
"தம்பி, சீனி கம்மி" என்றார் தமிழில்.
அவன் சிரித்தான்,
பால்கட்டி இன்னொரு கரண்டி போட்டான்.
ஐம்பது வருடம் பேசிய பர்மியம்
மழைக்காலத்துச் சுண்ணாம்பாய்
ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.
அடையாள அட்டையில் அவர் ஊ தௌங்.
அப்படிக் கூப்பிட்டால்
தனக்குப் பின்னால் யார் வருவதென்று திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் ஒரு மதியம்
எழுபத்தைந்து கியாட் நோட்டை மேசையில் வைத்தார்.
எண்பத்தேழில்
ஒரே காலையில் செல்லாமல் போன நோட்டு.
"சீக்கிரம் வாங்கிக்கொள். நாளைக்கு இது வெறும் காகிதம்."
நோட்டுதான் பழசு.
பயம் அப்போதுதான் பிறந்திருந்தது, ஈரமாக.
வாங்கிக்கொண்டேன்.
பத்து சத்து மாத்திரை கொடுத்தேன்,
மீதியும் கொடுத்தேன், இன்றைய பணத்தில்.

எல்லாவற்றையும் ரசீதுகளின் பின்புறம்
தேதி போட்டுக் குறித்துவைத்தேன்.
டாக்டருக்கு உதவும்.
கேட்டால் வள்ளிக்கண்ணு அக்கா சொல்லுவாள்,
அவருக்கு அசதி,
நேற்றுத் தூக்கம் சரியில்லை,
கண்ணாடி மாற்றணும்.
அவர் பாதியில் விட்ட வாக்கியத்தையெல்லாம்
ஓடிப்போய்ப் பிடித்து முடித்துவைப்பாள்.

இரவுப் பேருந்தில் ரங்கூன் போய் வந்தார்கள்.
கடிகாரம் வரையச் சொன்னார்களாம்.
பன்னிரண்டு எண்ணையும் ஒரு பக்கமே அடுக்கிவிட்டு
மறுபாதியை வெறுமனே விட்டாராம்.
"என்னங்க இது?" என்றதற்கு
"அது ராத்திரி" என்றாராம்.
சொல்லும்போது அக்கா சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
மறதி நோய் என்று சீட்டில் எழுதியிருந்தது.
ஒரு பெயர் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மழை விடாத அந்த வாரம்
அக்கா ஒரு அட்டை தூக்க மாத்திரை கேட்டாள்.
வெள்ளிக்கிழமை இன்னொன்று.
"அவருக்குத்தான்."
கீழ்ச்சந்தைக் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்,
அங்கேயும் இரண்டு.
அவர் சீட்டில் தூக்க மாத்திரை கிடையாது.
சீட்டைப் படித்தவள் நான்.

இன்று மறுபடி வந்தாள்.
மூன்று நாளாய் அதே லுங்கி.
கன்னத்தில் தனாக்கா இல்லை.
ஐம்பது கியாட்டுக்கு அரைமணி பேரம் பேசுகிறவள்
மீதியை எண்ணாமல் பைக்குள் போட்டாள்.
இழுப்பறையைத் திறந்து ரசீதுகளைப் புரட்டினேன்.
பதினேழு குறிப்பு.
ஒன்றில்கூட அவள் இல்லை.

மாத்திரை அட்டை என் கையிலேயே இருந்தது.
கல்லாப் பலகையைத் தூக்கி
அவளை இந்தப் பக்கம் கூப்பிட்டு உட்காரவைத்தேன்,
மருந்துப்பெட்டிகளுக்கு நடுவில், என் முக்காலியில்.
எப்படிக் கேட்பதென்று தெரியாமல்
நேராகவே கேட்டேன்:
"அக்கா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?"

மழையைப் பார்த்தாள்.
இல்லை என்று சொல்லவில்லை.
"மெதுவாப் பேசு" என்றாள்,
"அவர் காது நல்லாக் கேட்கும்."

அட்டையை உள்ளே போட்டுப் பூட்டினேன்.
ரங்கூனிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்,
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
அக்காவின் விரல்கள்
என் சட்டை நுனியைப் பிடித்திருந்தன.

வாசல் பெஞ்சில் அவர்
சால்வினைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
மணல் படகு ஒன்று தாழ்ந்து வந்தது.
"பாரம் ஜாஸ்தி" என்றார், யாரிடமோ.
"ரெண்டு மூட்டையாவது இறக்கச் சொல்லு."